செட்டு சார், பிரிச்சுக் குடுக்க மாட்டேன்: ஒரு பழைய ஆக்ஸ்போர்டு அகராதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் பார்ப்பதற்காக யாரும் இந்த அகராதியை வாங்க வேண்டாம். அதற்குக் கையிலிருக்கும் போனே போதும். ஒரு சொல்லின் ஜாதகத்தை, அதாவது எப்போது பிறந்தது, யார் பெற்றது, பங்காளிகள் யார், பிறந்த பிள்ளைகளில் எத்தனை செத்துப்போயின என்பது வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிற ஆசை இருந்தால், கண்ணும் ஓரளவு நன்றாக இருந்தால், வாங்கலாம். நான் வாங்கி எட்டு மாதமாகிறது. மொழிபெயர்ப்புதான் பிழைப்பு என்பதால் வீட்டில் இதற்கு ஒரு நியாயம் சொல்ல முடிந்தது.

சரக்கு என்னவென்றால், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் காம்பாக்ட் பதிப்பு, 1971-இல் வந்தது. இரண்டே தொகுதி, ஏ முதல் ஓ வரை ஒன்று, பி முதல் இசட் வரை இன்னொன்று. பெயர்தான் காம்பாக்ட், தூக்கினால் ஒவ்வொன்றும் அம்மிக்கல். 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல் ஒருவழியாக முடிந்த அந்தப் பெரிய அகராதியை 1933-இல் பன்னிரண்டு தொகுதியும் ஒரு பிற்சேர்க்கையுமாக மறுபடி போட்டார்கள். அந்தப் பதின்மூன்றையும் போட்டோ பிடித்துச் சுருக்கி, பழைய பக்கங்கள் நான்கை ஒரே பக்கத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அடைத்தால் அதுதான் இது. ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை, எழுத்தை மட்டும் எறும்பாக்கிவிட்டார்கள். அதற்குப் பரிகாரமாக, இரண்டு தொகுதியையும் செருகி வைக்கிற பெட்டியின் மேல்பக்கம் ஒரு சின்ன டிராயர் வைத்து, அதற்குள் ஒரு செவ்வகப் பூதக்கண்ணாடியும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் புக் ஆஃப் தி மன்த் கிளப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை ஏறத்தாழ இனாமாகவே கொடுத்தது, அதனால் படிப்பவர் படிக்காதவர் எல்லார் வீட்டு அலமாரியிலும் போய் உட்கார்ந்தது, அப்புறம் பழைய புத்தகக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

எனக்குக் கிடைத்தது சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில். மாடிப்படிக்கு அடியில், சட்டப் புத்தகங்களுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் நடுவே கிடந்தது. முதல் தொகுதியின் முதுகு கிழிந்து தொங்கியது, இரண்டாவது நன்றாக இருந்தது. "அண்ணே, ரெண்டாவது மட்டும் குடுங்களேன்" என்று கேட்டேன். "செட்டு சார், பிரிச்சுக் குடுக்க மாட்டேன். ஃபுல் செட்டு." ஐயாயிரம் சொன்னார், முழுதாக அரை மணிநேரம் நின்று, நடுவில் ஒரு டீயும் குடித்து, மூவாயிரத்து எண்ணூறுக்கு முடித்தேன். திருச்சிக்கு வந்து வீட்டில் பெட்டியை மேசையில் வைத்து டிராயரை இழுத்தால் காலி. பூதக்கண்ணாடி இல்லை. உள்ளே ஒரு குண்டூசியும் 1984-ஆம் வருஷத்து சினிமா டிக்கெட் பாதியும்தான் இருந்தன. போன் செய்து கேட்டதற்கு, "அது தெரியாது சார், புக்கு ரெண்டு, டப்பா ஒண்ணு, ஃபுல் செட்டுதான்" என்றார்.

கோபத்தில் முதலில் புரட்டிய சொல் அதனால் 'செட்'டாகவே இருந்தது. மகனுடைய அறிவியல் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் லென்ஸை எடுத்துக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஒரு மூன்றெழுத்துச் சொல்தானே, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாப்பாடு பத்தரைக்கு.

இந்த அகராதியில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும், மூலப் பதிப்பின் கணக்கில், 18 பக்கத்துக்கும் கொஞ்சம் மேல். பெரிய பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி. பெரும்பிரிவுகள் 154. கடைசிப் பிரிவு 'செட் அப்', அதற்குள் உட்பிரிவுகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுக்கொண்டே போய் இசட்டும் தீர்ந்து, மறுபடி ஏ-ஏ, பி-பி என்று இரட்டை எழுத்தில் ஆரம்பித்து ஆர்-ஆரில் போய்த்தான் நிற்கிறார்கள். இதை அகராதியின் வரலாற்று முன்னுரையில் அவர்களே கொஞ்சம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். நம்மூரில் 'செட்டப்' என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் சட்டென்று ஞாபகம் வரும், அதுவும் சபையில் சொல்லக்கூடியது இல்லை. அங்கே நாற்பத்து நான்கு.

எஸ் எழுத்தின் இந்தப் பகுதிக்கு ஆசிரியர், அகராதியின் தலைமை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் மர்ரே இல்லை, ஹென்றி பிராட்லி. விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் இவருடைய படத்தைப் பூஜையறையில் மாட்டலாம். ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி செய்கிற ஒரு கம்பெனியில் இருபது வருஷம் குமாஸ்தாவாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர், 1884-இல் லண்டனுக்குக் குடிவந்த கையோடு, அப்போதுதான் வெளியாகியிருந்த இந்த அகராதியின் முதல் பகுதியைப் பற்றி ஒரு பத்திரிகையில் விமர்சனம் எழுதினார். இந்தச் சொல்லின் மூலம் இது இல்லை, அது என்று விவரமாகக் குறை சொல்லி எழுதிய அந்த விமர்சனத்தைப் படித்த மர்ரே, ஆளைக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார். மர்ரே 1915-இல் இறந்தபிறகு தலைமை ஆசிரியரும் ஆனார். சின்ன வயதில், அப்பா மடியில் வைத்துப் படித்த பைபிளை எதிரில் நின்று பார்த்துப் பார்த்து, எழுத்தைத் தலைகீழாகத்தான் முதலில் படிக்கக் கற்றாராம். எறும்பு எழுத்தோடு மல்லுக்கட்டும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்'. ஜெர்மனில் 'ஸெட்ஸன்', டச்சில் 'ஸெட்டன்', இன்னும் பழசான காதிக் மொழியில் 'சட்யன்'. எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள். இவ்வளவும் எங்கிருந்து வருகின்றன என்றால் 'சிட்', அதாவது உட்கார் என்பதிலிருந்து. உட்காரச் செய்வது 'செட்'. அகராதியின் முதல் பெரும்பகுதியே உட்கார வைத்தல், உட்கார்தல் என்றுதான் ஆரம்பிக்கிறது. இந்த இடத்தில் ஆங்கிலேயனைவிட நமக்குச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று உருப்போட்டது இதையேதான். இரு, இருத்து. சிட், செட். கிட, கிடத்து என்பதற்கு அங்கே 'லை', 'லே'. விழு, வீழ்த்து என்பதற்கு 'ஃபால்', 'ஃபெல்', மரத்தை வீழ்த்துவது. 'டிரிங்க்' குடிப்பது என்றால் 'டிரெஞ்ச்' முதலில் குடிக்கவைப்பது, மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவோமே, அது. பிற்பாடுதான் தொப்பலாக நனைப்பது என்று ஆனது. ஆங்கிலத்தில் இந்த இயந்திரம் எப்போதோ நின்றுபோய், நாலைந்து ஜோடிகள் மட்டும் துருப்பிடித்து மிச்சமிருக்கின்றன. நம்மிடம் இன்றைக்கும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தபோது 'லை'யும் 'லே'யும் எது எது என்று குழம்பியிருக்கிறேன், கிட-கிடத்து என்று ஒரே ஒரு வாத்தியார் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

கோழி உதாரணம் இன்னும் அழகு. கோழியை முட்டைமேல் உட்கார வைப்பதற்கும் ஆங்கிலத்தில் 'செட்' தான். கோழி 'சிட்' பண்ணுகிறது, நாம் அதை 'செட்' பண்ணுகிறோம். நாம் அடை வைக்கிறோம் என்போம். இந்த 'வைக்கிறோம்' மண்டையில் தட்டியதும் 18 பக்க மர்மம் கொஞ்சம் விலகியது. ஒரு ராத்திரி முழுக்க லென்ஸோடு நகர்ந்ததில் பார்த்தது, 'செட்' போகிற இடமெல்லாம் நம்முடைய 'வை' போகிறது. பொறி வைக்கிறோம், நெருப்பு வைக்கிறோம், விலை வைக்கிறோம், கல்யாணத்துக்கு நாள் வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், நாற்று வைக்கிறோம், மோதிரத்தில் கல் வைக்கிறோம். அத்தனைக்கும் அங்கே 'செட்'. நாம் இன்னும் ஒரு படி மேலே போய்க் குழம்பு வைப்போம், பேர் வைப்போம், கண் வைப்போம், அழவும் வைப்போம். இந்த 'வை'க்கு நாள் தேதியோடு யாராவது உட்கார்ந்து எழுதினால் 18 பக்கம் பத்தாது.

குடும்பம் இன்னும் பெரியது. உட்கார் என்ற அந்த இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் லத்தீன் வழியாக 'செஷன்' வருகிறது, முன்னால் உட்காருகிற 'பிரெசிடென்ட்' வருகிறார், தண்ணீரின் அடியில் போய் உட்காருகிற 'செடிமென்ட்' வருகிறது. கிரேக்கத்தில் நாற்காலியாகி, பிஷப்பின் நாற்காலி இருக்கிற கோயில் 'கதீட்ரல்' ஆகிறது. அதே வேர் சமஸ்கிருதத்தில் 'சத்', குருவுக்குப் பக்கத்தில் கீழே உட்காருவது உபநிஷத், சுற்றி உட்காருவது பரிஷத். சென்னை மியூசிக் அகாடமியில் ஜனவரி 1-ஆம் தேதி சங்கீத கலாநிதி பட்டம் கொடுக்கிற சபைக்கு 'சதஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம். ஆக, டிசம்பர் கச்சேரி சீசன் முழுக்க மைக் செட்டுக்கு முன்னால் 'சீட்'டில் உட்கார்ந்துவிட்டுக் கடைசியில் சதஸுக்குப் போனால், ஒரே வேரின் பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இல்லை, இங்கேதான் ஒரு திருத்தம். மைக் செட்டில் இருக்கிற 'செட்' இந்தக் குடும்பம் கிடையாது. இந்த அகராதிக்கு நான் கொடுத்த மூவாயிரத்து எண்ணூறும் இந்த ஓரிடத்தில் வசூலாகிவிட்டது என்பேன்.

'செட்' என்ற பெயர்ச்சொல்லை அகராதி ஒன்று, இரண்டு என்று பிரித்துப் போடுகிறது. முதலாவது, வினையிலிருந்து வந்தது, வைத்தல், வைத்த விதம், அந்த வழி. இரண்டாவது, அதாவது ஒரே மாதிரியானவை சேர்ந்த தொகுப்பு, டம்ளர் செட், நகை செட் எல்லாம், அது பழைய பிரெஞ்சுச் சொல்லான 'செத்' வழியாக லத்தீன் 'செக்தா'விலிருந்து வந்தது. 'செக்தா'வுக்கு வேர், பின்தொடர் என்கிற வினை. ஒருவருக்குப் பின்னால் போகிற கூட்டம். மதத்தில் ஒரு குருவுக்குப் பின்னால் போனால் 'செக்ட்', ராஜாவுக்குப் பின்னால் போனால் பரிவாரம். உட்காருவதற்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. இது நடக்கிற சொல், அது உட்காருகிற சொல்! இரண்டும் ஒரே மாதிரி ஒலித்ததால் ஆங்கிலேயர்கள் ஒரே சொல் என்று நினைத்து, அர்த்தத்தையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டார்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேருக்கு ஒரே ரேஷன் கார்டு போட்ட மாதிரி.

நமக்கு இது புதிதே இல்லை. 'சீட்டு' என்று ஒரு சொல் நம்மிடம் இருந்தது, சீட்டுக் கட்டுவது, சீட்டு விளையாடுவது, மருந்துச் சீட்டு. அப்புறம் இங்கிலீஷ் 'சீட்' வந்து அதே சட்டையைப் போட்டுக்கொண்டது. பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கிற சீட்டு, காலேஜ் சீட்டு, தேர்தல் சீட்டு. "சீட்டு கிடைச்சுதா?" என்று யாராவது கேட்டால் எந்தச் சீட்டு என்று எதிர்க்கேள்வி கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஐந்நூறு வருஷம் கழித்து யாராவது இரண்டையும் ஒரே சொல் என்று நிரூபித்து டாக்டர் பட்டம் வாங்கினாலும் வாங்குவார்கள்.

பின்தொடர் குடும்பத்தில் இன்னும் யார் யார் என்று பார்த்தால் 'சீக்வென்ஸ்', ஒன்றுக்குப் பின் ஒன்று. 'செகண்ட்', முதலாவதைத் தொடர்ந்து வருவது. ஓட்டலில் பெரிய அறைகளுக்குச் சொல்கிற 'ஸ்வீட்', முதலில் பரிவாரம், அப்புறம் வரிசையாக அறைகள். 'சூட்', ஒன்றோடொன்று பொருந்துகிற கோட்டும் பேண்டும். கோர்ட்டில் போடுகிற ஒரிஜினல் சூட் இருக்கிறதே, அதுவும் அதே சொல், விடாமல் பின்தொடர்வதுதான் வழக்கு. எங்கள் பக்கத்துப் பங்காளி வழக்கு ஒன்று இரண்டு தலைமுறையாக நடக்கிறது, இந்த வேர்ச்சொல் விளக்கத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இதைப் படித்தபிறகு 'ஒரு செட் நாயனம்' என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வதைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. நாதஸ்வரக்காரர் முன்னால், தவில், ஒத்து, தாளம் பின்னால். லத்தீன் 'செக்தா'வின் முதல் அர்த்தம், தலைவரும் அவர் பின்னால் போகிற பரிவாரமும், அப்படியே சாமி புறப்பாட்டில் நடந்து போகிறது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு" என்று கூடப் படித்தவர்களைச் சொல்வதும் இந்தப் பின்தொடர் செட். செட் தோசையும் இதுவே, இரண்டோ மூன்றோ சேர்ந்தால்தான் செட், அதைப் பிரித்துக் கேட்டால் தோசைக்காரரும் என் புத்தகக்கடைக்காரர் மாதிரிதான் பார்ப்பார். ஆனால் கொத்தனார் "நாளைக்கு செட் ஆயிடும் சார், கால் வைக்காதீங்க" என்றால் அது உட்கார் செட், ஓடிக்கொண்டிருந்தது நிலைத்து உட்காருவது. அப்படியானால் "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது" எந்தச் செட்? ஒரே தொகுப்பில் சேராது என்பதா, சிமெண்ட் மாதிரி இறுகாது என்பதா? என் கட்சி, இரண்டும் கலந்தது. ஆங்கிலத்தில் கலந்த ரேஷன் கார்டை நாமும் அப்படியே வாங்கி வைத்திருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் சொந்தமாகவே ஒரு 'செட்டு' உண்டு. சிக்கனம் என்று அர்த்தம். "கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்" என்று பாட்டி சொல்வாளே, அது. இதைப் பிடித்துக்கொண்டு, ஆங்கில 'செட்' தமிழிலிருந்து போனது என்று ஒரு பார்வர்ட் எங்கள் குடும்ப குரூப்பில் மூன்று தடவை வந்துவிட்டது. பழைய ஆங்கிலம், ஜெர்மன், காதிக் என்று அத்தனை உறவுக்காரர்களும் வரிசையாக நிற்கும்போது, ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு நாம் உள்ளே போக முடியாது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ இங்கிலீஷ்காரன் எழுதின புக்கை நம்பறே" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

குறைகளும் சொல்லவேண்டும். இந்தப் பதிப்பின் உடம்பு பழசு. எஸ்ஸின் இந்தப் பகுதி அடங்கிய தொகுதி 1914-இல் முடிந்தது. எனவே டிவி செட்டுக்கு அதில் இடமில்லை, டிவியே இல்லாத காலம். 1933 பிற்சேர்க்கை கொஞ்சம் ஓட்டையை அடைக்கிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த நான்கு தொகுதிப் பிற்சேர்க்கையைச் சுருக்கி 1987-இல் மூன்றாவது காம்பாக்ட் தொகுதியாகப் போட்டார்கள், பழைய கடையில் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள். உச்சரிப்புக்கு மர்ரே சொந்தமாக ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார், அது இன்றைக்கு யாருக்கும் பழக்கமில்லை, நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. விக்டோரியா காலத்துக் கூச்சமும் உண்டு, ஆங்கிலத்தின் மிகப் பிரபலமான நாலெழுத்துக் கெட்ட வார்த்தை இதில் கிடையாது, எப்படியும் எல்லாரும் முதலில் அதைத்தான் தேடுவோம் என்பதால் சொல்லி வைக்கிறேன். செத்துப்போன அர்த்தங்களுக்கு முன்னால் ஒரு குறுவாள் அடையாளம் போடுகிறார்கள், நல்ல வசதி, ஆனால் சுருக்கிய எழுத்தில் அந்தக் குறுவாளும் ஒரு தூசும் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தை ஊதிவிட்டுப் பார்க்கவேண்டும், குறுவாள் என்றால் நகராது.

மிகப்பெரிய ஆங்கிலச் சொல் என்ற பட்டமும் இப்போது 'செட்'டிடம் இல்லை. 1989-இல் இருபது தொகுதியாக வந்த இரண்டாம் பதிப்பில் வினைச்சொல் 'செட்'டுக்கு 430 அர்த்தம், சுமார் 60,000 சொல்லில் ஒரு பதிவு, ஒரு நாவல் அளவு. இப்போது நடக்கிற மூன்றாம் பதிப்பு வேலையில் 'ரன்' 645 அர்த்தத்தோடு தாண்டிப் போய்விட்டது. உட்காருகிற சொல்லை ஓடுகிற சொல் ஜெயித்ததில் ஆச்சரியமில்லைதான். ஆனால் இந்தப் புதுக்கணக்கெல்லாம் இணையப் பதிப்பில்தான் இருக்கும், அது 2000-இலிருந்து சந்தாவில் ஓடுகிறது, தனி ஆள் வருஷாவருஷம் கட்டுகிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. என்னுடைய அகராதி மின்சாரம் போனாலும் திறக்கும் என்று சொல்லலாம் என்று பார்த்தால், மின்சாரம் போனால் இந்த எழுத்தைப் படிக்கவே முடியாது.

சும்மா வேர்ச்சொல் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் நடத்துகிற ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி போதும். இலவசம். இரண்டு செட்டையும் பிரித்துக் காட்டி, எந்த நூற்றாண்டு என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பத்தில் ஒன்பது தடவை நானும் அங்கேதான் போகிறேன். மிச்சம் அந்த ஒரு தடவைக்குத்தான் இந்த அம்மிக்கல். என்ன வித்தியாசம் என்றால், மேற்கோள். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழே, இந்த வருஷம், இன்னார், இந்த வாக்கியத்தில் எழுதினார் என்று தேதி வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். முழு அகராதிக்கும் 18 லட்சத்துக்கு மேல் மேற்கோள், பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாசகர்கள் சின்னத் துண்டுச்சீட்டில் எழுதி ஆக்ஸ்போர்டுக்குத் தபாலில் அனுப்பியது. மர்ரே தன் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகரத்தில் ஒரு கொட்டகை போட்டு, அதில் அந்தச் சீட்டுகளைப் புறாக்கூண்டு மாதிரி அறைகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு அர்த்தம் எப்படி அடுத்த அர்த்தத்துக்குச் சாய்ந்தது என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் நாமே பார்க்கலாம். பொறியை வைத்த கை விலையை வைக்கிறது, விலையை வைத்த கை விதியை வைக்கிறது.

படிக்கப் படிக்கக் கொஞ்சம் பொறாமையும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, 1939-இல் பிற்சேர்க்கை, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம், நான் தினமும் தேடுகிறேன். குறளிலிருந்தும் கம்பனிலிருந்தும் மேற்கோள் தருகிறது. ஆனால் தேதி வரிசை கிடையாது. ஒரு அர்த்தம் எப்போது தலைகாட்டியது, எப்போது செத்தது என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. நாயன செட், பம்பு செட், செட் தோசை எல்லாம் தமிழில் முதன்முதலில் எந்த வருஷம், எந்தப் பத்திரிகையில் அச்சானது என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் புறாக்கூண்டு இல்லை. சைதாப்பேட்டை வடகறிக்குப் பக்கத்தில் செட் தோசை எப்போது வந்து உட்கார்ந்தது என்று எனக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1991-இல் இரண்டாம் பதிப்பையும் இப்படிச் சுருக்கி ஒரே தொகுதியாகப் போட்டார்கள், அதில் நான்குக்குப் பதில் ஒன்பது பக்கம் ஒரு பக்கத்தில். இருபது தொகுதி சரக்கு ஒரே புத்தகத்தில் என்பது சபலம்தான், ஆனால் நாற்பது வயது தாண்டியிருந்தால் 1971 இரண்டு தொகுதியே நல்லது, வெள்ளெழுத்துக்காரர்கள் இரண்டையும் தொடவேண்டாம். வாங்குமுன் கடையிலேயே டிராயரைத் திறந்து பாருங்கள். இரண்டாவது தொகுதியில் எஸ் பக்கங்களைப் புரட்டி, பூச்சி அரிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சென்னை போனபோது அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பழைய நோட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இது என் புக்கோடது ஆச்சே?" என்றேன். கண்ணை எடுக்காமலே, "அது தனி சார், செட்ல வராது" என்றார். வேறென்ன செய்ய, இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து டிராயரில் வைத்தால் டிராயர் மூடமாட்டேன் என்கிறது. உருண்டையாகக் குமிழ் மாதிரி இருக்கிறது, என்னுடையது செவ்வகமாக இருக்கவேண்டும். வேறு ஏதோ செட்டோடது.